பனி விட்டுவைத்த நிலம்

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் ஆர்.வி. ரோட்டில் தொடங்கி பொம்மசந்திராவில் முடிகிறது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் நீளம் 19 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏறத்தாழ அதே நீளத்துக்கு, அதிகபட்சம் மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு நிலத்துண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை பனி. வடக்கே, கடல்மேல் மிதக்கும் பனித்தட்டு. நடுவில் இந்தத் துண்டில் மட்டும் பழுப்பும் சாம்பலுமான பாறைக் குன்றுகள், அவற்றுக்கிடையே பள்ளத்தாக்குகள், பள்ளங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். கிழக்கு அண்டார்க்டிகாவில் குவீன் மாட் லேண்ட் பகுதியில் இருக்கும் ஷிர்மாக்கர் ஓயாசிஸ் இதுதான். இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் நிற்பது இந்தப் பாறைமேல்தான்.

அண்டார்க்டிகாவின் பரப்பு சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர். அதன்மேல் சராசரியாக இரண்டு கிலோமீட்டர் கனத்தில் பனி படிந்திருக்கிறது. பனி மூடாத நிலம் மொத்தப் பரப்பில் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. ஷிர்மாக்கருக்குக் கிடைத்திருப்பது அதிலும் 35 சதுர கிலோமீட்டர் அளவே. ஒரு கண்டத்தின் வரலாற்றைப் படிக்கவும், அங்குள்ள உயிர்கள் வாழவும், மனிதர் கட்டடம் எழுப்பவும் உகந்த இடம் இப்படிப்பட்ட துண்டுகளே. மூன்று தேவைகளும் ஒரே பாறைமேல் வந்து நிற்கின்றன. இந்த நிலத்தைப் பற்றி நாம் அக்கறைப்பட வேண்டியதற்கு முதல் காரணம் இது.

ஏன் அங்கே பனி இல்லை?

சூடு அதிகம் என்பதால் அங்கே பனி இல்லாமல் போகவில்லை. ஷிர்மாக்கரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. கோடை உச்சமான ஜனவரியில்கூடச் சராசரி வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கும். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை.

ஓர் இடத்தில் பனி தங்குமா என்பது ஒரு வரவு செலவுக் கணக்கு. பனி இரண்டு வழியில் வந்து சேரும்: வானிலிருந்து விழலாம், உயரமான இடத்திலிருந்து பனியாறாக நகர்ந்தும் வரலாம். போவதற்கும் வழிகள் உண்டு: காற்று அடித்துச் செல்லலாம், உருகி ஓடலாம், உருகாமலே நேரடியாக ஆவியாகலாம். செலவு வரவை மிஞ்சும் இடத்தில் பாறை வெளியே தெரியும்.

ஷிர்மாக்கரில் முதலில் பனியாற்றின் வரவு தடைபடுகிறது. அண்டார்க்டிகாவின் உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து கடலை நோக்கி மெல்ல நகரும் பனியை, தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் எழுந்து நிற்கும் வோல்தாட் மலைத்தொடர் ஓரளவு தேக்குகிறது. தப்பி வரும் பனியை ஷிர்மாக்கரின் பாறை முகடே பிளந்து கிழக்கும் மேற்குமாகத் திருப்பிவிடுகிறது.

அடுத்தது காற்று. பீடபூமியின் உச்சியில் குளிர்ந்து கனத்த காற்று, சரிவில் தண்ணீர் இறங்குவதுபோல் கீழ்நோக்கிப் பாய்கிறது. காற்று இறங்கும்போது அழுத்தம் கூடும். 100 மீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி உயரும். வெப்பம் உயர்ந்தாலும் காற்றில் உள்ள ஈரம் கூடுவதில்லை. ஆகவே அது கீழே வந்து சேரும்போது தாகமெடுத்த வறண்ட காற்றாக இருக்கிறது. விழுந்த பனியைச் சுருட்டி எடுத்துப்போகிறது. மிச்சத்தை ஆவியாக்கி உறிஞ்சிக்கொள்கிறது.

மூன்றாவது, பாறையின் நிறம். புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கரும்பாறை அதில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒருமுறை பாறை வெளியே வந்துவிட்டால் அது சூடேறி, ஓரத்துப் பனியையும் உருக்கும். நிலம் வெறுமையானதால் வெறுமை நீடிக்கிறது.

இதே கணக்கு உலகில் மிகப் பெரிய அளவில் நடக்கும் இடம் ராஸ் கடலோரத்து மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகள். 1903இல் ராபர்ட் ஸ்காட்டின் குழு முதன்முதலில் கண்ட அந்தப் பள்ளத்தாக்குகள் சுமார் 4,500 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விரிந்திருக்கின்றன. டிரான்ஸ் அண்டார்க்டிக் மலைகள் அங்கே உள்நாட்டுப் பனிக்கு அணையாக நிற்கின்றன. அந்த நிலத்தில் நடப்பதெல்லாம் நமக்கு விசித்திரம். கண்டத்தின் மிக நீளமான ஆறான ஆனிக்ஸ் அங்கேதான் ஓடுகிறது. அதன் நீளம் 32 கிலோமீட்டர்; கோடையில் சில வாரங்கள் மட்டுமே தண்ணீர் வரும். அதுவும் கடலை விட்டு விலகி உள்நோக்கி ஓடி வாண்டா ஏரியில் போய்ச் சேரும். வாண்டா ஏரியின் மேலே ஆண்டு முழுவதும் பனிக்கட்டி மூடியிருக்க, அடியிலுள்ள அடர்ந்த உப்புநீர் 20 டிகிரிக்கு மேல் வெப்பத்தோடு கிடக்கிறது. அருகிலுள்ள டான் ஹுவான் குட்டையில் கால்சியம் குளோரைடு மிகுந்திருப்பதால் மைனஸ் 50 டிகிரியிலும் நீர் உறைவதில்லை. டெய்லர் பனியாற்றின் முகப்பில் இரும்பு கலந்த உப்புநீர் கசிந்து, காற்றுப் பட்டதும் துருவேறிச் சிவப்பாக வழிகிறது.

இந்தியா பாறைக்கு வந்த வழி

ஷிர்மாக்கரை உலகுக்குக் காட்டியது ஒரு விமானம். 1938–39இல் ஆல்ஃபிரெட் ரிட்சர் தலைமையில் ஷ்வாபன்லாண்ட் கப்பலில் சென்ற ஜெர்மானியக் குழுவின் கடல் விமானிகளுள் ஒருவர் ஷிர்மாக்கர். வெண்பரப்புக்கு நடுவே ஏரிகளோடு கூடிய பாறை நிலத்தை அவர் மேலிருந்து கண்டார்; அவர் பெயரே நிலத்துக்கு நிலைத்தது. 1961இல் சோவியத் நாட்டினர் அங்கே நோவலாசரெவ்ஸ்கயா நிலையத்தை அமைத்தனர். அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று, அந்நிலையத்தின் ஒரே மருத்துவரான லியனித் ரோகசோவ், தன் குடல்வாலைத் தானே அறுவை செய்து அகற்றினார். உதவிக்கு வர வேறு மருத்துவர் இல்லை. குளிர்காலத்தில் அந்த நிலத்தின் தனிமை எத்தகையது என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

இந்தியாவின் முதல் பயணம் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டது. கடலியல் அறிஞர் எஸ்.இசட். காசிம் தலைமையேற்றார். 1982 ஜனவரி 9 அன்று குழு அண்டார்க்டிகாவில் கால்வைத்தது. இரண்டாண்டு கழித்து, ஹர்ஷ் குப்தா தலைமையிலான மூன்றாவது பயணத்தில் தட்சிண கங்கோத்ரி நிலையம் எழுந்தது. அது நின்றது மிதக்கும் பனித்தட்டின்மேல். கப்பலிலிருந்து பொருள் இறக்க வசதியான இடம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் காற்று கொண்டுவந்து குவித்த பனி கட்டடத்தின்மேல் ஏறிக்கொண்டே போனது. நிலையம் மெல்லப் பனிக்குள் புதைந்தது, 1990இல் கைவிடப்பட்டது.

அதற்குள் இந்தியா பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. 1989இல் மைத்ரி, ஷிர்மாக்கரின் வெற்றுப் பாறைமேல் தூண்களில் எழுந்தது. பனியை அடித்துச் செல்லும் அதே காற்று, கட்டடத்தின் அடியிலும் புகுந்து பனி சேராமல் பார்த்துக்கொள்கிறது. குடிநீர் பக்கத்து ஏரியிலிருந்து வருகிறது. அந்த ஏரிக்கு நம்மவர்கள் பிரியதர்ஷினி என்று பெயரிட்டனர். பனியின்மேல் கட்டிய நிலையம் சில ஆண்டுகளில் புதைந்துபோக, பாறைமேல் கட்டிய மைத்ரி 35 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. 2012இல் இந்தியா தன் அடுத்த நிலையமான பாரதியை அமைத்தபோதும், மைத்ரியிலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி லார்ஸ்மன் குன்றுகள் என்ற இன்னொரு வெற்று நிலத்தையே தேர்ந்தெடுத்தது.

நிலத்தின் முகம்

ஷிர்மாக்கரின் வடக்கு விளிம்பு செங்குத்தாக இறங்கிப் பனித்தட்டில் முடிகிறது. தெற்கு விளிம்பில் கண்டத்துப் பனி சரிவாக வந்து பாறைமேல் ஏறி நிற்கிறது. இடைப்பட்ட குன்றுகள் தாழ்வானவை. பெரும்பாலும் 100 மீட்டர் உயரத்தை ஒட்டியவை, மிக உயர்ந்ததும் சுமார் 230 மீட்டர்தான். ஒரு காலத்தில் பனி இவற்றை முழுக்க மூடி மேலே நகர்ந்து போயிருக்கிறது. பனி வந்த பக்கம் பாறை வழுவழுவென்று தேய்ந்தும், போன பக்கம் பிய்த்தெடுத்ததுபோல் கரடாகவும் இருக்கிறது. பனியின் அடியில் சிக்கிய கற்கள் இழுத்துச் சென்ற கீறல்கள், அது எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை இன்றும் காட்டுகின்றன. குன்றின் உச்சிகளில், தாங்கள் அமர்ந்திருக்கும் பாறையோடு ஒட்டு உறவே இல்லாத பெரும் உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. தெற்கு மலைகளிலிருந்து பனி சுமந்து வந்து இறக்கிவிட்டுப் போனவை அவை.

பனி விலகியபின் வேலை மற்றவர்களிடம் போயிற்று. பாறைப் பிளவில் நீர் புகுந்து உறையும்போது விரிந்து, பாறையை உடைக்கிறது. உப்புப் படிகங்கள் பாறையின் முகத்தில் தேன்கூடுபோல் குழிகளைக் குடைகின்றன. காற்று மணலை வீசிக் கற்களுக்குப் பட்டை தீட்டுகிறது. ஈர மண் உறைந்தும் இளகியும் தரையில் பலகோண வடிவங்களை வரைகிறது. மழையும் வேரும் மனிதனும் பாறையைச் சிதைக்கும் நம் ஊர்களில் பார்க்கக் கிடைக்காத வேலைப்பாடுகள் இவை.

ஏரிகளும் ஒரே வகை அல்ல. தெற்கே பனி விளிம்பை ஒட்டியவை உருகுநீரால் நிரம்புபவை. நடுவில் உள்ளவை பனி குடைந்த பாறைக்குழிகளில் தேங்கியவை. வடக்கு விளிம்பில் உள்ள சில, மேலே நன்னீரும் அடியில் பனித்தட்டின் கீழாகக் கடலோடு தொடர்பும் கொண்டவை. கடலின் ஏற்றவற்றத்தோடு அவற்றின் நீர்மட்டமும் ஏறி இறங்கும். இந்த ஏரிகளின் அடியில் ஆண்டுதோறும் படிந்த சேறு, கடந்தகாலத் தட்பவெப்பத்தின் பதிவேடு. கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையமும் பிற இந்திய நிறுவனங்களும் அந்தச் சேற்றைத் துளையிட்டு எடுத்துப் படித்து வருகின்றன.

ஓசூர் சாலையிலிருந்து துருவம்வரை

தொடக்கத்தில் சொன்ன மெட்ரோ தடம் முடியும் பொம்மசந்திராவில் எங்கே ஆழ்துளைக் கிணறு போட்டாலும், செம்மண்ணையும் சிதைந்த பாறையையும் தாண்டியதும் துளைக்கருவி மோதுவது கருங்கல்லில். கருப்பும் வெளுப்புமாகப் பட்டை ஓடிய நைஸ் பாறை அது. லால்பாகில் கெம்பேகௌடா கோபுரத்தைத் தாங்கி நிற்பதும் இதே குடும்பம்தான். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமைக்காக அந்தப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

பொம்மசந்திராவிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று தெற்கே போகும் சாலையில் தினமும் ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்கிறார்கள். புவியியலாளருக்கு அந்தச் சாலை பூமியின் ஆழத்துக்குள் இறங்கும் பாதை. தென்னிந்தியாவின் மேலோடு சாய்ந்து தூக்கப்பட்டு, பல கோடி ஆண்டுகள் தேய்ந்திருக்கிறது. அதனால் தெற்கே போகப் போக, முன்பு இன்னும் ஆழத்தில் இருந்த பாறைகள் மேற்பரப்பில் தெரிகின்றன. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே நைஸ் மெல்ல மெல்லச் சார்னோக்கைட்டுக்கு இடம் விடுகிறது. சேர்வராயன் மலையே சார்னோக்கைட் மலை. பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருவான பாறை அது. காவிரியை ஒட்டிய பெரும் பிளவு மண்டலத்தைத் தாண்டி மதுரை, கொடைக்கானல் பக்கம் போனால், பாறைகளில் இன்னொரு வெப்பத்தின் தழும்பு தெரிகிறது. அது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் அதே காலத்துத் தழும்பு உண்டு.

ஷிர்மாக்கரின் பாறைகளைப் பார்த்தால், அவை இந்தத் தெற்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கார்னெட் மணிகள் பதிந்த நைஸ், பைராக்சீன் நிறைந்த கிரானுலைட், பாதி உருகி மறுபடி இறுகிய கலப்புப் பாறைகள், அவற்றைக் குறுக்கே வெட்டி ஓடும் கருநிறச் சுவர்ப் பாறைகள். மூலப்பாறைகளில் பலவும் நூறு கோடி ஆண்டுக்கும் மேல் பழமையானவை. அவை ஆழத்தில் வெந்தது சுமார் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்தக் காலத்தில் தனித்தனி நிலத்தட்டுகள் மோதி, கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை வழியாக அண்டார்க்டிகாவரை ஒரு மாபெரும் மலைத்தொடர் எழுந்தது. அதன் உச்சிகள் தேய்ந்து மறைந்துவிட்டன. அடிவேர்தான் இன்று கொடைக்கானலிலும் கண்டியிலும் ஷிர்மாக்கரிலும் வெளியே கிடக்கிறது.

பாரதி நிலையம் இருக்கும் லார்ஸ்மன் குன்றுகளுக்கு வேறொரு பொருத்தம். அந்தக் கடற்கரை ஒருகாலத்தில் நம் கிழக்குக் கடற்கரையோடு ஒட்டியிருந்தது. ஒடிசாவில் மகாநதி ஓடும் பழம்பிளவும், அண்டார்க்டிகாவில் லாம்பர்ட் பனியாறு இறங்கும் பிளவும் ஒரே பிளவின் இரு பாதிகள் என்று புவியியலாளர்கள் பொருத்திப் பார்க்கிறார்கள். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரியத் தொடங்கி வடக்கே நகர்ந்தது. இன்று பொம்மசந்திராவிலிருந்து மைத்ரிக்கு நேர்கோட்டில் அளந்தால் 10,000 கிலோமீட்டருக்கு மேல்.

இரு நிலங்களும் சேர்ந்திருந்த காலத்துக்குச் சாட்சிகள் ஏராளம். 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்காட்டின் குழு சாகும் தறுவாயிலும் விடாமல் இழுத்து வந்த 16 கிலோ கற்களில் குளோசாப்டரிஸ் என்ற தாவரத்தின் இலைத்தடங்கள் இருந்தன. நம் ராணிகஞ்சிலும் சிங்கரேணியிலும் நிலக்கரியாகிக் கிடப்பது அதே தாவரம். பனியின் சாட்சியும் உண்டு. ஒடிசாவின் தால்சேரில், பனியாறு இறக்கிவிட்ட கற்படுகையை 1856இலேயே பிளான்ஃபோர்டு சகோதரர்கள் அடையாளம் கண்டார்கள். அதாவது 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவே பனிக்கடியில் கிடந்தது. தால்சேரில் கல்லாகிப்போன அந்த நிகழ்வு எப்படி நடந்திருக்கும் என்பதை, ஷிர்மாக்கரின் தெற்கு விளிம்பில் இன்றும் நேரில் பார்க்கலாம்.

வெறுமை போலத் தோன்றும் நிலத்தில்

மேலோட்டமாகப் பார்த்தால் ஷிர்மாக்கரில் பச்சை எதுவும் தெரியாது. குனிந்து பார்த்தால் தெரியும். உருகுநீர் கசியும் இடங்களில் பாசிமெத்தை, பாறை இடுக்குகளில் லைக்கன், ஏரியடியில் நீலப்பச்சைப் பாசிப் படலங்கள், அவற்றுக்குள் நுண்புழுக்களும் எட்டுக்கால் கொண்ட நீர்க்கரடிகளும். கோடையில் ஸ்குவா பறவைகள் வந்து பாறைகளுக்கிடையே குஞ்சு பொரிக்கின்றன. ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த எஸ். சிவாஜியும் உடன் ஆய்வாளர்களும் ஷிர்மாக்கர் மண்ணிலிருந்து, குளிரில் செழிக்கும் புதிய பாக்டீரியா இனம் ஒன்றை 1992இல் அறிவித்தார்கள். பாரதி நிலையத்தருகே எடுத்த ஒரு பாசி புதிய இனம் என்று உறுதியாகி, பிரையம் பாரதியென்சிஸ் என்ற பெயர் பெற்றதும் 2021இல்தான். குளிரிலும் புரதம் செயல்படுவது எப்படி, வறட்சியில் உயிரணு உடையாமலிருப்பது எப்படி என்ற கேள்விகளுக்கு இவ்வுயிர்களே விடை. செவ்வாய்க் கோளில் உயிரைத் தேடுவோரும் முதலில் வந்து பார்ப்பது இத்தகைய நிலங்களைத்தான்.

இங்கே வளர்ச்சி மிக மெதுவானது. ஒருவர் மிதித்து நசுக்கிய பாசித்திட்டு மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். சிந்திய டீசல் நம் ஊர் மண்ணில் சிதைவதுபோல் அங்கே சிதைவதில்லை. கட்டடம், எரிபொருள் தொட்டி, வண்டித்தடம், கழிவுநீர் எல்லாமே அந்த அரை விழுக்காட்டுக்குள்தான் இடம் தேடுகின்றன.

வெப்பம் உயர்வதால் இந்த நிலங்கள் மாறவும் போகின்றன. அண்டார்க்டிகாவின் பனியற்ற பரப்பு இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் 17,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் கூடக்கூடும் என்று 2017இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு கணித்தது. இடம் கூடினால் உயிர்களுக்கு நன்மை என்று தோன்றலாம். ஆனால் தனித்தீவுகளாகப் பிரிந்து பரிணமித்த உயிரினங்களுக்கிடையே வெளியிலிருந்து வரும் இனங்கள் புகுந்து பரவ அதுவே வழி திறந்துவிடும். மைத்ரிக்கு அருகே தட்சிண கங்கோத்ரி பனியாற்றின் முகப்பை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1983 முதல் அளந்து வருகிறது. அது பின்வாங்கும் வேகம் சராசரியாக ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. அளவு சிறிது. ஆனால் நாற்பது ஆண்டுகளாக விடாமல் எடுத்த அளவு என்பதால் அதன் மதிப்பு பெரிது.

இந்த நிலத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது. 1991இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கை அண்டார்க்டிகாவில் கனிமம் தோண்டுவதைத் தடை செய்கிறது. தட்சிண கங்கோத்ரி பனியாற்றுப் பகுதி, இந்தியாவின் முயற்சியால் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி ஆயிற்று. 2022இல் நம் நாடாளுமன்றம் இந்திய அண்டார்க்டிகா சட்டத்தை இயற்றியது. 2024 மே மாதம் அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகளின் ஆலோசனைக் கூட்டம் கொச்சியில் நடந்தது. பழைய நிலையத்துக்குப் பதிலாக மைத்ரி-2 அமைக்கும் திட்டத்தை இந்தியா அங்கே முன்வைத்தது.

புதிய நிலையம் தேவைதான். நம் மலைகளின் மறுபாதி அங்கே கிடக்கிறது. அதைப் படிக்கும் பொறுப்பும் உரிமையும் நமக்கு உண்டு. மைத்ரி-2 திறக்கப்படும் நாளில் அதன் பரப்பையும் செலவையும் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். அப்போது இன்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம். எத்தனை சதுர மீட்டர் பாறையை அது மறைக்கிறது? எவ்வளவு டீசலை எரிக்கிறது? பழைய மைத்ரியின் தடத்தை எவ்வளவு சுத்தமாக அகற்றினோம்? துருவத்தில் இந்தியா செய்யும் அறிவியலின் தரத்தை இந்த மூன்று விடைகளே காட்டும்.